தலை குனியாமல் மேய்ந்த முயல்கள்

மிளகிங்கிற கௌதாரி வாயைத் திறந்தா, குளத்துத் தவளையெல்லாம் வாயை மூடிக்கும். அவ்வளவு சத்தம், அவ்வளவு காரம். ஒரு நாள் அவ யாரையும் திட்டலைன்னா, ஆமை மெதுவா நடந்து வந்து, "உடம்புக்கு ஏதும் முடியலையாம்மா?"ன்னு விசாரிச்சுட்டுப் போகும்.

அந்தக் காட்டுல அவ திட்டாத ஒரே ஆளு துளி. துளி ஒரு கொசுத்தேனீ. கொசு அளவுதான் இருப்பா. கொட்டவும் தெரியாது. குளத்தங்கரையில பட்டுப்போன வேப்பமரம் ஒண்ணு நின்னுச்சு. அதோட பொந்துலதான் துளியோட கூட்டம் குடியிருந்துச்சு. மரத்தடியில மிளகி குடியிருந்தா. ரெண்டு பேரும் மேல் வீடு, கீழ் வீடு.

ஒரு நாள் காலையில துளி தள்ளாடிப் பறந்து வந்து மிளகி முன்னால இறங்குனா.

"ஏண்டி, கால்ல மகரந்தத்தையே காணோம்?"

"பூ இருந்தாத்தானே அக்கா எடுத்துட்டு வர்றதுக்கு."

"பாறைக்கு அந்தப் பக்கம் தும்பை பூத்திருக்கே?"

"அவ்வளவு தூரம் எங்க றெக்கை தாங்காது. நேத்துப் போனவங்க ரெண்டு பேரு திரும்பி வரல."

மிளகிக்குக் கழுத்து இறகு சிலிர்த்துக்கிச்சு. "அப்ப கூட்டத்தோட பாறைக்கு அந்தப் பக்கமே குடி போயிடுங்க."

"எப்படிப் போறது? எங்க ராணிக்கு வயிறு பெருத்துப்போச்சு, பறக்க முடியாது. அவளை இங்க விட்டுட்டு நாங்க எங்க போறது?" துளி குரலைத் தாழ்த்திக்கிட்டா. "சேத்து வச்ச தேன் வர்ற மழைக்காலத்தோட சரி அக்கா. அதுக்குள்ள பக்கத்துல பூ வரணும்."

மரத்துக்கு எதிர்ல ஒரு பெரிய வெளி இருந்துச்சு. போன வருசம் வரைக்கும் தும்பை, கொளுஞ்சி, துத்தின்னு அடிக்கு அடி பூ கிடந்த இடம். அப்புறம் முயல் கூட்டம் வந்துச்சு. எல்லாச் செடியையும் அடியோட கடிச்சுத் துப்பிட்டு, அருகம்புல்லை மட்டும் விட்டு வச்சு, அதையும் தினமும் மட்டமா மேஞ்சு, பாய் விரிச்ச மாதிரி ஆக்கிடுச்சு. பாக்குறவங்க எல்லாம், "அடடா, என்ன பச்சை!"ன்னாங்க. அந்தப் பச்சையில ஒரு எறும்புக்குக்கூடச் சோறு கிடையாது.

மிளகி விறுவிறுன்னு அங்க போனா. முயல்களுக்குத் தலைவர் கத்திரியார். முன்பல் ரெண்டும் அரிவாள் மாதிரி இருக்கும். அவ வர்றதைப் பாத்தும் அவரு மேயறதை நிறுத்தல.

"வா மிளகி. இன்னைக்கு எங்க முறையா?"

"காது வளந்த அளவுக்கு உங்களுக்கு மூளை வளரலையா? இத்தனை பெரிய வெளியில ஒரு பூ உண்டா?"

"பூவை வச்சு நாங்க என்ன பண்றது? தலையில வச்சுக்கவா?"

"வச்சுக்குங்களேன். ரெண்டு காதுக்கும் நடுவுல இடம் காலியாத்தானே கிடக்கு."

பின்னால இருந்த முயல்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கத்திரியார் திரும்பிப் பாத்ததும் எல்லாம் தலையைக் குனிஞ்சு புல்லைக் கடிச்சுச்சுங்க.

"உனக்கு என்னம்மா தெரியும்?"ன்னாரு அவரு. "போன வருசம் இங்க இடுப்பளவு கொளுஞ்சி நின்னுச்சு. அதுக்குள்ள நரி படுத்திருந்துச்சு. என் தங்கச்சி அது பக்கத்துலதான் மேஞ்சா. அவ்வளவுதான் சேதி. இப்ப பாரு, அந்தக் கோடியில நரி தும்முனா இந்தக் கோடியில தெரியும்."

மிளகி ஒரு எட்டு முன்னால வச்சா.

"உங்க தங்கச்சி போனது கொடுமைதான். அதுக்காக ஒரு தேன்கூடே பட்டினியில சாகணுமா? பறக்க முடியாத ஒரு தாய் அந்தப் பொந்துல உக்காந்திருக்கா. உங்க பச்சைப்பாயைப் பாத்துக்கிட்டே செத்துப்போகணுமா அவ?"

கத்திரியார் மெல்லுறதை நிறுத்துனாரு. கொஞ்ச நேரம் வேப்பமரத்தையே பாத்தாரு.

"குளத்துப் பக்கத்துப் பாதியை எடுத்துக்க. ஏதாவது கூடமாட உதவி வேணும்னா..."

"உங்க உதவியா? நல்லா இருக்கே கதை. அந்தப் பாதியில உங்க பல்லு ஒண்ணுகூடப் படக்கூடாது. எந்த முயலும் உள்ள வரக்கூடாது. வாக்குக் குடுங்க."

"குடுத்தேன்"னாரு கத்திரியார்.

மிளகி அன்னைக்கே வேலையில இறங்குனா. பாறைக்கு அந்தப் பக்கம் போய் முத்துன விதையாப் பாத்துக் கொத்தி, வாயில அடக்கிக்கிட்டு வந்து சேத்தா. கௌதாரிக்கு விதைதான் சாப்பாடு. பசிச்ச வயித்தோட வாய் நிறைய சாப்பாட்டை வச்சுக்கிட்டு முழுங்காம வர்றது இருக்கே, அது பெரிய தவம். நடுவுல ரெண்டு மூணு தடவை முழுங்கியும் தொலைச்சா. அப்பெல்லாம் தன்னையே திட்டிக்கிட்டு மறுபடி போனா. மத்த நேரம் வாயில விதை இருந்ததால யாரையும் திட்ட முடியல. காடு நிம்மதியா இருந்துச்சு. ஆமை மட்டும் பயந்துபோய் ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போச்சு.

விதையைப் புல்லுமேல வீசுனா மண்ணுல ஒட்டாது. அதனால காலால பறிச்சுப் பறிச்சுப் புல்லைக் கிளறி எடுத்தா. மண்ணு கண்ணுக்குத் தெரிஞ்சதும், விதையோட குளத்து மணலைக் கலந்து பரவலாத் தூவுனா. ஆழமாப் புதைக்கல. மேல ஏறி நின்னு, திம்திம்முனு மிதிச்சு அமுக்குனா. துளி மரத்துல இருந்து எட்டிப் பாத்து, "ஆட்டம் நல்லா இருக்கு அக்கா"ன்னா.

"சிரிக்காதடி. உனக்குச் சோறு போடுறேன்."

மழை வந்துச்சு. அந்தப் பாதி பச்சையாச்சு. மிளகி காடு பூராவும் தண்டோரா போட்டா. ஆனா கிட்டப் போய்ப் பாத்தா, எல்லாம் அருகம்புல். ஆல் போல் தழைச்சு அருகு போல் வேரோடணும்னு சும்மாவா வாழ்த்துறாங்க? கிளறி எடுத்ததுல விட்டுப்போன துண்டு வேர்ல இருந்தெல்லாம் புல்லு கிளம்பிடுச்சு. மேய ஆளில்லாததால நெகுநெகுன்னு வளந்து, மிளகி தலைக்கு மேல நின்னுச்சு. நடுவுல ஒரு தும்பை இலைகூடக் கண்ணுல படல.

அவ அலகால புல்லைப் பிடிச்சு இழுத்தா. ஒண்ணைப் பிடுங்கறதுக்குள்ள பக்கத்துல நாலு வளந்துச்சு. மரத்துல ரீங்காரம் நாளுக்கு நாள் குறைஞ்சுச்சு. துளி இப்பெல்லாம் வாசல்லயே உக்காந்திருந்தா.

"தேன் இன்னும் இருக்கா?"

"ராணிக்கு மட்டும் குடுக்குறோம் அக்கா."

மிளகி நேரா வெளிக்கு நடந்தா. அங்க ரெண்டு பாதியும் சேர்ற எல்லையில ஒரு காட்சி. கத்திரியார் நாலு காலையும் தன்னோட பாதியில வச்சுக்கிட்டு, கழுத்தை மட்டும் மிளகியோட பாதிக்குள்ள நீட்டி, உயரமா நின்ன புல்லை நறுக் நறுக்குன்னு தின்னுக்கிட்டு இருந்தாரு.

"திருட்டுப் பல்லுக்காரரே!"

கத்திரியாருக்குப் புரையேறிடுச்சு. "கால் எங்க பாதியிலதான் இருக்கு. நல்லாப் பாத்துக்க. கழுத்து மட்டும்தான் உள்ள வந்துச்சு."

"அப்ப வாக்குக் குடுத்தது காலா, பல்லா?"

"இளம்புல்லும்மா. வாசம் தூக்குது. நான் என்ன பண்ண?"

அடுத்த வசவுக்கு மிளகி மூச்சை இழுத்தா. இழுத்த மூச்சு அப்படியே நின்னுபோச்சு. அவரு தின்ன இடத்துல, அடியில, வெளிச்சம் விழுந்துக்கிட்டு இருந்துச்சு. அந்த வெளிச்சத்துல தும்பை நாலஞ்சு இலை விட்டிருந்துச்சு. பக்கத்துல துத்தி. அதுக்குப் பக்கத்துல கொளுஞ்சி. எல்லை நெடுக, அவரு கழுத்து எட்டுன தூரம் வரைக்கும் நாத்து நாத்தா நின்னுச்சு. தூரத்துல இருந்து எக்கித் தின்னதால பல்லு அடி வரைக்கும் எட்டல. மேல் புல்லு மட்டும் போயிருந்துச்சு. அதுக்கு அந்தப் பக்கம், அவரு பல்லு படாத இடத்துல, புல்லு இருட்டுக்குள்ள வெளிறிப்போன முளைங்க ஒண்ணோட ஒண்ணு சாஞ்சு கிடந்துச்சுங்க.

மிளகி அந்த நாத்தைப் பாத்தா. கத்திரியார் பல்லைப் பாத்தா. தொண்டையில இருந்த வசவை முழுங்குனா. விதையை முழுங்கறதைவிட அது கஷ்டமா இருந்துச்சு.

"கத்திரியாரே, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"எதை? நீ நிறைய சொல்லியிருக்கியே."

"உங்க பல்லு படக்கூடாதுன்னு சொன்னதை. உங்க பல்லு வேணும். உங்க கூட்டத்துப் பல்லு மொத்தமும் வேணும். ஆனா ஒண்ணு. தலையைக் குனியாமத் தின்னணும். கழுத்து உயரத்துக்கு மேல இருக்கறதுதான் உங்களுக்கு. கீழ இருக்கறது துளிக்கு."

"தலையைக் குனியாம மேயறதா? எந்த ஊர் வழக்கம் இது?"

"கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி நிமிந்து உக்காந்து சாப்பிடுங்க. யாரு வேணாங்கிறா?"

கத்திரியாருக்கு உதடு துடிச்சுச்சு. சிரிப்பை அடக்குனாரு. அப்புறம் அந்த உயரமான புல்லைப் பாத்தாரு. முகம் மாறிடுச்சு.

"உள்ள இறங்குனா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது மிளகி. புல்லு கண்ணை மறைக்குது. நரி வந்தா?"

"நான் கரையான் புத்துமேல ஏறி நிக்கிறேன். நரி வந்தா கத்துறேன்."

"நீ அசந்துட்டா?"

"நான் வாயை மூடி நீங்க பாத்திருக்கீங்களா?"

கத்திரியார் அதை யோசிச்சுப் பாத்தாரு. பாத்ததில்லைதான்.

அடுத்த நாள் விடிஞ்சதும் முயல் கூட்டம் உள்ள இறங்குச்சு. எல்லாம் பின்னங்கால்ல நிமிந்து உக்காந்து, கழுத்தை விறைப்பா வச்சுக்கிட்டு மேஞ்சுச்சுங்க. பழக்கம் இல்லாததால ரெண்டு முயல் மல்லாக்க விழுந்துச்சு. புத்துமேல நின்ன மிளகி, "குனியாத, குனியாத! அந்தக் குண்டன், உன்னைத்தான்!"னு அதட்டிக்கிட்டே இருந்தா.

அப்படியே சில நாள் போச்சு. நாத்துங்க நிமிந்துச்சு. ஒரு காலை, பனி விலகாத நேரத்துல, புத்துக்குப் பின்னால ஒரு மெல்லிசான குரல் கேட்டுச்சு.

"மிளகி, திரும்பாத. ஒரு சேதி."

நரி. தரையோட தரையாப் படுத்திருந்துச்சு.

"எனக்கு ஒரே ஒரு முயல் போதும். நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருந்தாப் போதும். நீதானே அவங்களைக் காடே கேக்கத் திட்டுனவ? காது வளந்த அளவுக்கு மூளை வளரலைன்னு நீ கேட்டதை நான் பாறைப் பக்கம் படுத்துக்கிட்டு ரசிச்சேன். உனக்கும் அவங்களைக் கண்டா ஆகாது, எனக்கும் பசி. யாருக்கு நட்டம்?"

கீழ கத்திரியார் முதுகைக் காட்டிக்கிட்டு, சிரமப்பட்டு நிமிந்து உக்காந்து, மேல் புல்லை மட்டும் பாத்துப் பாத்து நறுக்கிக்கிட்டு இருந்தாரு. காலடியில ஒரு தும்பை நாத்து. அதுமேல பாதம் படாம இருக்க, பாவம், காலை அகட்டி வச்சிருந்தாரு.

"ஆமா, திட்டுனேன்"னா மிளகி. "நான் திட்டலாம். நீ தின்னக் கூடாது."

அப்புறம் கத்துனா பாருங்க ஒரு கத்து! குளத்துல கொக்கு எந்திரிச்சுப் பறந்துச்சு. முயல்கள் நாலா பக்கமும் தெறிச்சு வளைக்குள்ள பூந்துச்சுங்க. கத்தறதை அவ அதோட நிறுத்தல. நரியோட அப்பன் யாரு, பாட்டன் யாரு, எந்த ஊர்ல எந்தக் கோழிகிட்ட உதை வாங்குனாங்கன்னு ஒண்ணு விடாம ஊருக்கே எடுத்துச் சொன்னா. காக்காக்கூட்டம் வேடிக்கை பாக்க வந்துடுச்சு. இத்தனை பேரு முன்னால எந்த நரி வேட்டையாடும்? வாலைக் கவட்டுக்குள்ள சொருகிக்கிட்டு, "உன் வாய்க்கு ஒரு மூடி கிடையாதா?"ன்னு முனகிக்கிட்டே போயிடுச்சு.

கத்திரியார் வளையில இருந்து தலையை நீட்டுனாரு.

"போயிட்டானா?"

"போயிட்டான்."

"இன்னும் கொஞ்சம் திட்டு மிளகி. எதுக்கும் இருக்கட்டும்."

மழை ஓயறதுக்குள்ள முதல் தும்பை வெள்ளையாப் பூத்துச்சு. அப்புறம் துத்தி மஞ்சளா, கொளுஞ்சி ஊதாவா, ஒண்ணு கூப்பிட்ட மாதிரி இன்னொண்ணு வந்துச்சு. முயல்கள் பூவுக்கு நடுவுல ஓடித் தப்பிக்க ஒத்தையடிப் பாதை மட்டும் மட்டமா மேஞ்சு வச்சுக்கிச்சுங்க. துளியோட அக்கா தங்கச்சியெல்லாம் காலையில வெறுங்காலோட கிளம்பி, மதியம் கால் நிறைய மஞ்சள் பூசுன மாதிரி திரும்புனாங்க. பொந்துக்குள்ள ராணி வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு மறுபடி முட்டை வைக்க ஆரம்பிச்சா.

கத்திரியார் ஒரு நாள் வந்து தயங்கித் தயங்கி நின்னாரு. "மிளகி, விதை ஏதும் மிச்சம் இருக்கா? எங்க பாதி கொஞ்சம் வெறிச்சுன்னு கிடக்குதோன்னு பசங்க சொல்றாங்க."

"அதை நான் அன்னைக்கே சொன்னேன்ல? அப்பவே கேட்டிருந்தா..."ன்னு மிளகி ஆரம்பிச்சா. முடிக்க ரொம்ப நேரம் ஆச்சு. கத்திரியார் முழுசாக் கேட்டுக்கிட்டாரு. அப்புறம் ரெண்டு பேரும் பாறைப் பக்கம் விதை பொறுக்கப் போனாங்க.

சண்டை போட்டு நிலத்தை வாங்கிடலாம், ஆனா அதுல பூ பூக்கணும்னா யாரோட சண்டை போட்டோமோ அவங்களையும் கூட்டிக்கிட்டுத்தான் வேலை செய்யணும்.