ஓணாங்கரட்டு வாழைத் தோட்டம்

ஓணாங்கரடு என்ற ஊரில் ஓணான்கூட வேறு போக்கிடம் இல்லாமல்தான் குடியிருந்தது. கல்லும் கருவேலமும் போக மிச்சமிருந்த மண்ணில் மழை பெய்தால் கம்பு விளையும். பெய்யாவிட்டால் பெருமூச்சு விளையும். ஊர் எல்லையில் மூக்கம்மாவுக்கு ஒரு துண்டு நிலம். புருஷன் போன பிறகு அவளே உழுது, அவளே விதைத்து, அவளே மாட்டையும் மழையையும் திட்டிக்கொண்டு காலத்தை ஓட்டி வந்தாள்.

அந்த வருஷம் மன்னர் வரகுணராயரின் கஜானா காலி. பட்டத்து யானைக்கு வெள்ளி அம்பாரி செய்ததுதான் காரணம். அதை வெளியே சொல்ல முடியுமா? "நாடெங்கும் நிலங்களுக்குப் புது மதிப்பு போட வேண்டியிருக்கிறது" என்று முரசறைந்தார்கள். மதிப்பு போட அதிகாரி ஆபத்சகாயம் பல்லக்கில் கிளம்பினார். எந்த ஆபத்தில் யாருக்குச் சகாயம் செய்தாரோ, அப்படி ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்.

பெரிய மனிதர் வருகிறார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? கஞ்சிக்கு வழியில்லாவிட்டாலும் வரவேற்புக்குக் குறை வைக்கலாமா? ஆற்றங்கரை ஊர்களில் கெஞ்சிக் கூத்தாடி, குலை தள்ளிய வாழை மரங்களை வெட்டி வந்து மூக்கம்மாவின் நிலத்தில் கம்பம் நட்டு வரிசையாகக் கட்டினார்கள். மாவிலைத் தோரணம் தொங்கவிட்டார்கள். அதிகாரி கால் கழுவ இரண்டு காதம் நடந்து போய்க் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வந்து அடுக்கினார்கள்.

ஆபத்சகாயம் பல்லக்கை விட்டு இறங்கவே இல்லை. திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். "வாழைத் தோட்டம். மாந்தோப்பு. வற்றாத நீர்வளம்" என்றார். கணக்கர் எழுதிக்கொண்டார். மூக்கம்மா மரியாதையாக ஒரு சீப்புப் பழம் கொடுத்தாள். உரித்துத் தின்று பார்த்துவிட்டு, "முதல் தரம் என்றும் சேர்த்துக்கொள்" என்றார்.

வரி பத்து மடங்காக ஏறியது. தை பிறப்பதற்குள் கட்டாவிட்டால் நிலம் ஏலம். மூக்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அதிகாரி வீட்டுக்கு ஓடினாள்.

"ஐயா, அது தோட்டம் இல்லீங்க. உங்கள வரவேற்கக் கட்டுன வாழைங்க!"

"ஓ, ஆட்சேபணையா? முறைப்படி விசாரிக்க வேண்டும்."

"யாருங்க விசாரிப்பாங்க?"

"நான்தான்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "மதிப்பு போட்டவர் யார்?" என்று தன்னையே கேட்டார். "நான்" என்று தானே சொன்னார். "சரியாகப் போட்டீரா?" "அப்பழுக்கில்லாமல் போட்டேன்." "நல்லது. ஆட்சேபணை தள்ளுபடி." பிறகு அவளைப் பார்த்து, "விசாரணை முடிந்தது, போகலாம்" என்றார்.

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. நேரே தலைநகரம் போய், அரசவை விகடர் கூத்தபிரானைத் தேடிப் பிடித்தாள். மன்னரைச் சிரிக்க வைத்தே சோறு தின்னும் மனிதர் அவர். வெற்றிலையைக் குதப்பியபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதிகாரிக்குச் சொந்த நிலம் உண்டா?" என்றார்.

"ஆத்தங்கரையில நெல்லு வயலு சாமி. முப்போகம். அத ஒண்ணும் வெளயாத களர்னு எழுதி வச்சிருக்காரு. ஊரே சிரிக்குது."

"அப்படியா? நாளைக்குச் சபைக்கு வா. நான் என்ன சொன்னாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நில்."

மறுநாள் சபையில் மன்னர் ஆபத்சகாயத்தை வானளாவப் புகழ்ந்துகொண்டிருந்தார். கூத்தபிரான் எழுந்தார்.

"புகழ்ச்சி வயிற்றை நிரப்புமா அரசே? பாவம், இவருக்கு இருப்பதெல்லாம் ஆற்றங்கரையில் ஒரு களர் நிலம். அவரே போட்ட மதிப்பு, பொய்யாக இருக்குமா? இதோ நிற்கிற இந்த அம்மாளுக்கோ முதல்தர வாழைத் தோட்டம். உங்களுக்காக உழைப்பவருக்குக் களர், ஒண்டிக்கட்டைக்குத் தோட்டமா? இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடுங்கள்!"

மூக்கம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. 'அடப்பாவி மனுசா, உன்னையப் போய் நம்பி வந்தேனே!' என்று பல்லை நறநறவெனக் கடித்தாள். கடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றங்கரை வயல் கண்முன் வந்தது. கடிப்பதை நிறுத்தினாள்.

"எனக்குச் சம்மதம் மகாராசா!" என்று ஓங்கிக் கத்தினாள்.

ஆபத்சகாயத்தின் முகம் வெளுத்தது. "வேண்டாம் அரசே! அடியேனுக்குக் களரே போதும்."

"என்ன தன்னடக்கம்!" என்று மன்னர் உருகிப்போனார். "இவருக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வது? ஓலை எழுதுங்கள்."

எழுத்தாணி ஓலையைத் தொட்டது. அவ்வளவுதான், அதிகாரி தடாலென்று காலில் விழுந்தார். "அரசே, அந்தக் கரட்டில் ஒரு மண்ணும் விளையாது!"

"வாழை?"

"கம்பத்தில் கட்டியது."

"மாந்தோப்பு?"

"தோரணம்."

"நீர்வளம்?"

"கு... குடம்."

"முதல் தரம் என்றீரே?"

"அது மட்டும் உண்மை அரசே. பழம் அருமையாக இருந்தது."

மன்னரின் மீசை துடித்தது. "உமது களர்?"

அதிகாரி தரையைப் பார்த்தபடி, "முப்போகம்" என்றார்.

மன்னருக்குக் கோபம் வந்தது. கூடவே, முப்போக வயலுக்கு இத்தனை வருஷ வரியும் பாக்கி வரும் என்ற நினைப்பும் வந்ததால் கோபம் பாதியில் நின்று முகம் மலர்ந்தது. "மூக்கம்மாவுக்குப் பழைய வரியே போதும். இவர் வயலுக்கு உண்மை மதிப்பு போடுங்கள், பாக்கியைக் கறந்துவிடுங்கள். இனி மதிப்பு போட்டவரே ஆட்சேபணையை விசாரிக்கக் கூடாது" என்று உத்தரவிட்டார். கூத்தபிரானுக்குப் பொன்னாடை கிடைத்தது.

"அம்மா, நிலம் தப்பியது. இப்போது மனம் குளிர்ந்ததா?" என்று மன்னர் கேட்டார்.

மூக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். ஆனால் ஒரு பெருமூச்சும் விட்டாள்.

"குளுந்துச்சு மகாராசா. ஒரே ஒரு வருத்தந்தான். அந்த ஓலைய எழுதி முடிக்கிற மட்டும் இந்த மனுசன் உண்மையச் சொல்லாம இருந்திருந்தா, நான் இன்னிக்கு ஆத்தங்கரையில நடவுக்கு ஆள் தேடிக்கிட்டு இருந்திருப்பேன்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் வெளியே யானை மேலிருந்த வெள்ளி அம்பாரியே குலுங்கியதாம்.