மெஷின் குடித்த பால்

கோணமந்தைக்காரர்கள் பெரியவர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்களைப் பிடித்த சனியனே அதுதான்.

ஊர்ச் செம்மறிகளையெல்லாம் கறந்து கறந்து முப்பிடாதிக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன. அவளுக்காகவே ஊரார் மனுப் போட்டு, கறவை மெஷின் ஒன்றை வெள்ளோட்டத்துக்கு வாங்கிவந்தார்கள். வியாழக்கிழமை கால்நடை டாக்டரம்மா வரும்போது மெஷினோடு சேர்ந்த கேனில் பால் இருந்தால் மெஷின் ஊருக்குச் சொந்தம். இல்லாவிட்டால் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

மெஷினை மாட்டினால், செவலை என்ற ஆடு பாலை மடியிலேயே அடக்கிக்கொண்டு நிம்மதியாக அசைபோட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்கள். குட்டி முட்டினால்தான் தாயின் மூளையில் ஒரு சுரப்பு கிளம்பும், அது இறங்கினால்தான் பால் இறங்கும், மெஷினையும் ஆடு தன் குட்டியாக நினைத்துவிட்டால் கவலையில்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். பாவம், யாரிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

உடனே ஊர் கூடியது.

"இது கிடாயா, பொட்டையா?" என்று நாட்டாமை தளவாய் கேட்டார்.

முப்பிடாதி மெஷினைச் சுற்றிவந்து பார்த்தாள். "கொம்பு முளைக்கக் காணோம். பொட்டதான்."

தாய் சேர்க்காத குட்டிமேல் உப்புத்தண்ணீர் தடவி நக்கவிடுவது ஆட்டுக்காரர்கள் வழக்கம். மெஷினுக்கும் தடவினார்கள், செவலையும் நன்றாகவே நக்கியது. கழுத்தில்லாத பிள்ளைக்கு மணியை எங்கே கட்டுவது என்ற வாதத்தில் அரைநாள் போயிற்று.

வியாழன் காலையில், பெற்ற குட்டி பக்கத்தில் இருந்தால் தாய் ஓரவஞ்சனை செய்யும் என்று அதை வேலிக்கு அந்தப்புறம் கட்டிவிட்டு மெஷினை மாட்டினார்கள். அது பசியில் கத்தியது. அந்தக் குரல் காதில் விழுந்ததும் செவலைக்கு மடி பொங்கி, பால் குபுகுபுவென்று கேனில் இறங்கியது. ஊரோ மெஷினின் சமர்த்தைத்தான் மெச்சியது.

டாக்டரம்மா வந்து, கேனைத் திறக்கச் சொன்னார். தளவாய் குறுக்கே விழுந்தார்.

"பச்சப்புள்ள குடிச்ச பால வயித்தத் தொறந்து எடுக்கச் சொல்லுதியளே, நீங்கல்லாம் ஒரு டாக்டரா?"

எவ்வளவு சொல்லியும் கேனை யாரும் தொடவிடவில்லை. பால் இல்லாததால்தான் மறைக்கிறார்கள் என்று டாக்டரம்மா முடிவுகட்டி, மெஷினை வண்டியில் ஏற்றச் சொன்னார். முப்பிடாதிக்கு விரல்வலிகூட மறந்துபோயிற்று. பால்குடி மறக்காத பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்று செவலையையும் தூக்கி வண்டியில் ஏற்றி, கதவைச் சாத்தினாள். வண்டி போய்விட்டது.

வேலியோரம் குட்டி மட்டும் கத்திக்கொண்டே நின்றது. முப்பிடாதி அதன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"அழாதல. ஒந் தங்கச்சிக்குப் பக்கத்தூர்ல வேல கெடச்சிருக்கு. அம்மா அவளுக்குச் சோறு பொங்கிப் போடப் போயிருக்கா."