மூன்று ரோஸ் துண்டுகள்

தென்காசிக்குக் கிழக்கே சிற்றாற்றங்கரையில் ஒரு மடம். மடம் என்றதும் கோபுரம், யானை என்று பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு தகரக் கொட்டகை, ஆற்றில் இறங்கப் பத்துப் படி. அவ்வளவுதான் சொத்து.

அங்கே இருந்த சாமிக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயதுதான். முன்னால் பஸ் கண்டக்டராக இருந்தவர் என்பார்கள். இருக்கலாம். யார் வந்தாலும் "எங்க போகணும்?" என்று கேட்கிற பழக்கம் அவருக்கு உண்டு.

வருகிறவர்கள் முதலில் ஆற்றில் முங்கி எழ வேண்டும். துண்டு கொண்டுவரத் தேவையில்லை. கொட்டகைக்குள் நீளக் கொடியில் இருபது, இருபத்தைந்து வெள்ளைத் துண்டு கிடக்கும். கிழக்கு முனையில் காய்ந்தது, மேற்கு முனையில் ஈரம். கிழக்கே ஒன்றை உருவித் துவட்டிவிட்டு, அலசிப் பிழிந்து மேற்கே போட வேண்டும். புதிதாக வந்தவர்கள் ஈரத்தலையோடு தயங்கி நின்று, "எந்தத் துண்டை எடுக்க?" என்பார்கள்.

"காஞ்சது எதுவோ, அது."

மடத்தில் யாரைக் கேட்டாலும் இதுதான் பதில்.

உலகம்மாளும் பதினோரு வருஷமாக இந்தப் பதிலைப் பலபேருக்குச் சொன்னவள்தான். அறுபத்தொரு வயது. தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மனைவி. வெள்ளிக்கிழமை தவறாமல் மடத்துக்கு வருவாள், குளிப்பாள், சாமி முன்னால் கொஞ்ச நேரம் உட்காருவாள், போவாள். கொடியில் கிடந்த துண்டெல்லாம் அவள் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தவை. துணி விஷயத்தில் அவளை ஏமாற்ற இன்னொருத்தி பிறந்துதான் வரவேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை ஆனிச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. உலகம்மாள் ஆற்றுப்பக்கமே போகவில்லை. கையில் ஒரு பெரிய பையோடு நேராகக் கொட்டகைக்குள் வந்து நின்றாள்.

"எங்க போகணும்?" என்றார் சாமி.

"எங்கயும் போகல சாமி. ஒரு யோசனை கேக்க வந்தேன். நாளைக்குத் திருமலை வாரான்."

திருமலை அவளுடைய ஒரே மகன். மதுரையில் நர்ஸ் வேலை பார்க்கிற மாரிச்செல்வியைக் கல்யாணம் செய்து ஆறு வருஷம் ஆகிறது. சாதி வேறு. "என் பொணத்தைத் தாண்டித்தான் அவ இந்த வாசப்படிய மிதிக்கணும்" என்றார் அப்பா. போன வருஷம் சொன்னபடியே போயும் சேர்ந்தார். மகன் தனியாக வந்தான், கொள்ளி வைத்தான், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினான். அவன் மகளுக்கு இப்போது நாலு வயது. உலகம்மாள் அந்தப் பிள்ளையைப் போனில்தான் பார்த்திருக்கிறாள்.

போன மாசம் வீம்பை விட்டு அவளே மகனைப் போனில் கூப்பிட்டாள். அவன் சொன்னான்: "ஒரு ராத்திரி தங்குதோம்மா. மாரிக்கு மனசு கோணுச்சுன்னா விடியக் கெளம்பிருவேன். பெறகு நீ செத்தாத்தான் வருவேன்."

பெற்ற வயிறு. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"சரி, யோசனை என்ன?" என்றார் சாமி.

"துண்டுதான் சாமி."

ஆறு வருஷம் கழித்து மகன் குடும்பத்தோடு வருகிறான், இவள் துண்டைப் பற்றிக் கவலைப்படுகிறாளே என்று சிரித்துவிடாதீர்கள். பயம் எதிலாவது போய் உட்காரத்தானே வேண்டும்? உலகம்மாளுக்கு அது குளிக்கிற துண்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

பாயில் அமர்ந்து பையைப் பிரித்தாள். சாமியும் எதிரே உட்கார்ந்தார்.

"நல்ல துண்டுன்னா எப்படிப் பாக்கது? எனக்கும் சொல்லுங்கம்மா."

கேட்டதும் அவள் முகம் தெளிந்தது. கேட்கப்பட்டது அவளுக்குத் தெரிந்த பாடம்.

"கடையில தொட்டுப் பாத்துட்டு, மெத்துமெத்துன்னு இருக்கேன்னு வாங்கிரக் கூடாது சாமி. அதெல்லாம் மருந்து போட்ட மினுக்கு. தண்ணி உருண்டு ஓடிரும். வெளிச்சத்துல பிடிச்சா நெசவு நெருக்கமாத் தெரியணும். ஓரத்துல ரெட்டைத் தையல் இருக்கணும். ஈர விரலால தேச்சாச் சாயம் ஒட்டக் கூடாது. ரொம்பக் கனமா எடுத்தாலும் நம்ம ஊர்ச் சாரலுக்குக் காயாது, வாடை அடிக்கும். வாங்கினதும் மூணு தண்ணி அலசணும். அப்பத்தான் துண்டு தண்ணி குடிக்கும்."

சொல்லிக்கொண்டே துண்டுகளைப் பாயில் விரித்தாள். மூன்று வெள்ளை, மெல்லிய ஈரிழைத் துண்டு. மூன்று ரோஸ் நிறம், புசுபுசுவென்று தேங்காய்ப்பூத் துண்டு.

"இது போதுமா, இன்னும் உசத்தியா எடுக்கவான்னு கேக்கத்தான் வந்தேன். அவ ஒரு குறை சொல்லிரக் கூடாது பாருங்க."

சாமி ஒரு ரோஸ் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது யாருக்கு?"

"அவளுக்கு. கடையில இருக்கதுலயே இதான் உசத்தி."

"வெள்ளை?"

"எனக்கும் திருமலைக்கும்."

"கொழந்தைக்கு?"

உலகம்மாளின் விரல் பாயில் கிடந்த துண்டின் ஓரத்தை நிமிண்டியது.

"கொழந்தைக்கும் ரோஸ்தான்."

"ஏன் ரெண்டு நிறம்?"

"மாறிரக் கூடாதுல்லா."

"மாறினா?"

தகரத்தின் மேல் சாரல் சடசடத்தது. உலகம்மாள் ஒரு வெள்ளைத் துண்டின் சுருக்கத்தை நீவினாள். சாமி விடவில்லை.

"மாறினா என்னம்மா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சாமியிடம் அவள் குரல் உயர்த்தியது அதுவரை கிடையாது.

"நான் என்ன கொட்டாங்கச்சியிலயா தண்ணி குடுக்கப் போறேன்? நடுவீட்டுக்குள்ள கூப்பிடுதேன். அவுகளுக்குன்னு புது பாத்ரூமே கட்டிருக்கேன். எங்க மதினி பக்கத்து வீட்டுலதான் இருக்காக. எங்க கொடியில என்ன காயுதுன்னு மாடியில நின்னு பாப்பாக. நிறம் தனியாத் தெரிஞ்சா ஒரு பேச்சும் வராது. ஒண்ணாக் கெடந்தா தெருவே என்னைத் தின்னுரும். எம்மவனும் வேணும், ஊரும் வேணும். நான் என்னதான் செய்ய?"

"ரோஸ் எதுக்குன்னு மாரிச்செல்விக்குத் தெரியுமா?"

"உசத்தின்னு நெனச்சுக்கிடுவா."

"நர்ஸுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஊர்ல உள்ளவன் ஒடம்பையெல்லாம் துடைச்சுவிடுத பிள்ளை. கொடியில துண்டு கெடக்கதப் பாத்தா அவளுக்குத் தெரியாதாக்கும்?"

அது உலகம்மாளுக்கு உறைத்தது. ஆனாலும் தாழ்ந்துபோக மனம் வரவில்லை.

"இந்தக் கொடியில எல்லாம் ஒரே வெள்ளை. நீங்க எடுத்துக் குடுத்ததுதான்" என்றார் சாமி.

"அது மடம் சாமி. இது வீடு."

கதவை இழுத்துச் சாத்துகிற மாதிரிச் சொன்னாள். சாமி தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டார் போலத்தான் இருந்தது.

"சரிம்மா. வெள்ளிக்கிழமை. குளிச்சிட்டு வாங்க."

ஆற்றில் தண்ணீர் ஐஸாக இருந்தது. மலையில் நல்ல மழை போல. உலகம்மாள் மூக்கைப் பிடித்து முங்கினாள். நான் கேட்டது துண்டு நல்லதா இல்லையா என்று, இவர் என்னத்தையோ கிளறுகிறார் என்று ஒரு முங்கு. அவருக்கென்ன, குடும்பமா குட்டியா என்று இன்னொரு முங்கு. மூன்றாவது முங்கில் மகன் குரல் வந்துவிட்டது. நீ செத்தாத்தான் வருவேன். அவள் அதற்குமேல் முங்கவில்லை. எழுந்து, தட்டி மறைவில் சேலையை மாற்றிக்கொண்டு, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொட்டகைக்கு வந்தாள்.

கொடியின் கிழக்கு முனையில் சாமி நின்றுகொண்டிருந்தார். கையில் தடித்த கறுப்பு மார்க்கர் பேனா.

"நீங்க சொன்னதை யோசிச்சேன்ம்மா. வீட்டுக்கு நல்லதுன்னா மடத்துக்கும் நல்லதுதான். இனி அவங்கவங்களுக்கு அவங்கவங்க துண்டு. பேர் எழுதிரலாம்னு இருக்கேன். இது மாடசாமிக்கு."

ஒரு துண்டைத் தனியே ஒதுக்கினார். மாடசாமி மயானத்தில் வேலை பார்க்கிறவர். பிணம் எரித்துவிட்டு வந்து இந்தப் படியில்தான் முங்குவார். உலகம்மாளைக் கண்டால் "வாங்க ஆச்சி" என்று ஒதுங்கி வழி விடுவார்.

"உங்களது எதுன்னு காட்டுங்க" என்றார் சாமி.

விளையாடுகிறார் என்று நினைத்தாள். லேசாகச் சிரித்துக்கொண்டே முதலில் கிடந்த காய்ந்த துண்டைப் பிடித்தாள். சாமி மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"இது உங்களுதா?"

"ஆமா... தெரியல."

"தெரியாம எப்படி எடுக்கது? மாறிரக் கூடாதுல்லா."

அவள் கை துண்டை விட்டுவிட்டது.

வெளியே காற்று திரும்பி, சாரலைக் கொட்டகைக்குள் வாரி அடித்தது. ஈரத்தலையோடு உலகம்மாள் கொடியைப் பார்த்தாள். எல்லாம் அவள் எடுத்துக் கொடுத்த துண்டுதான். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே ரெட்டைத் தையல். போன வெள்ளிக்கிழமை துவட்டியது எது? அன்றைக்கு அவள் உருவிய துண்டு முந்தின நாள் யார் தலையில் இருந்தது? மாடசாமி துவட்டுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அலசி மேற்கே போடுவதையும் பார்த்திருக்கிறாள். மேற்கே போட்டது நகர்ந்து நகர்ந்து கிழக்கேதான் வரும். அவளும் அதைத்தான் எடுத்திருக்கிறாள்.

"குளிருது சாமி."

"எதுன்னு சொல்லுங்கம்மா. பேர் எழுதிக் குடுத்துருதேன்."

"வெறைக்குது."

"எது உங்களுது?"

பல் கிடுகிடுவென்று அடித்தது. முதுகில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. உலகம்மாள் உடைந்துவிட்டாள்.

"எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாத்தையுந்தான் தொவட்டிருக்கேன்! எவன் தொவட்டுனா என்ன, துண்டுதானே? காஞ்சதைக் குடுங்க சாமி!"

குரல் தகரத்தில் மோதித் திரும்பி வந்து அவள் காதிலேயே விழுந்தது. உலகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாமி பாயிலிருந்து ஒரு ரோஸ் துண்டை எடுத்தார். அதன் மூலையைக் கையில் விரித்துப் பேனாவை வைத்தார்.

"இதுல யார் பேரை எழுத?"

சாரல் பெய்துகொண்டிருந்தது. அவள் முடியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. சாமி அதே கேள்வியோடு, அதே இடத்தில் நின்றார்.

உலகம்மாள் அவர் கையிலிருந்து துண்டை வாங்கினாள். தலையில் போட்டுத் துவட்டினாள். புதுத் துண்டு அல்லவா, அவள் சொன்ன மாதிரியே தண்ணீர் குடிக்கவில்லை. முகத்திலும் கழுத்திலும் வழிந்தது. அவள் விடவில்லை. துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுத்தி அழுத்தித் துவட்டினாள். அழவும் அழுதாள். ஆறு வருஷத்து அழுகை, சீக்கிரம் நிற்கவில்லை.

பிறகு பாயில் கிடந்த ஐந்தையும் வாரிக்கொண்டு படியிறங்கினாள். ரோஸையும் வெள்ளையையும் ஒன்றாகப் போட்டு ஆற்றில் மூன்று தண்ணி அலசினாள். சாயம் ஒட்டவில்லை. பிழிந்து, கலந்து மடித்து, ஆறையும் பைக்குள் வைத்தாள்.

மேலே வந்தபோது சாமி மாடசாமியின் துண்டை மற்றத் துண்டுகளோடு தள்ளிவிட்டிருந்தார். எந்தத் துண்டிலும் பேர் எழுதியிருக்கவில்லை. பேனாவின் மூடிகூடத் திறக்காமல்தான் இருந்தது.

உலகம்மாள் கும்பிட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசல்வரை போனவள் திரும்பினாள். முகத்தில் இன்னும் பயம் இருந்தது.

"சாமி. நாளைக்கு அவ குளிச்சிட்டு வருவா. மதினி மாடியில நிப்பாக. 'எந்தத் துண்டை எடுக்க அத்தை'ன்னு அவ கேட்டா, நான் என்ன சொல்ல?"

சாமி பேனாவை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"காஞ்சது எதுவோ, அது."