வாகை நீட்டாத தும்பிக்கை

ஏரி வற்றிக்கொண்டிருந்த காலம். மேட்டுக்காட்டு யானைக் கூட்டம் அதன் கரையோரம் தங்கியிருந்தது. கூட்டத்துக்குத் தலைவி மருதாயி. அவளுடைய தங்கை மகள் வாகை. தாயை இழந்த வாகையை வளர்த்ததும் மருதாயிதான்.

வாகைக்குப் புதிதாக ஓர் ஆண் கன்று பிறந்திருந்தது. பொடியன் என்று கூப்பிட்டார்கள். தாயின் கால்களுக்கு நடுவே நின்று, தன் தும்பிக்கையைத் தானே மிதித்துவிட்டு, இதை யார் இங்கே போட்டது என்று சுற்றிப் பார்க்கும் வயது.

யானைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு யானைகள் சந்தித்தால் ஒன்று தன் தும்பிக்கை நுனியை மற்றதன் வாய்க்குள் வைக்கும். நாம் வணக்கம் சொல்வதுபோல. நம் வணக்கத்தைவிட இது நேர்மையானது. எதிரில் நிற்பவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதுவரை தெரிந்துவிடும். பசியோடு வந்த விருந்தாளி "சாப்பிட்டாச்சு" என்று யானைகளிடம் பொய் சொல்ல முடியாது.

புதுக் கன்றுக்கு இது ஒரு விழாவாகவே நடக்கும். வாய்தொடல் என்று பெயர். தலைவி முதலில் கன்றின் வாயில் தும்பிக்கை வைப்பாள். பிறகு சித்தி, அத்தை, அக்கா என்று எல்லோரும் வரிசையில் வருவார்கள். அது முடிந்தால்தான் கன்று கூட்டத்துப் பிள்ளை. அதுவரை பெற்றவளுக்கு மட்டுமே பிள்ளை. புலி வந்தால் மற்றவர்கள் சுற்றி நின்று காக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பொடியனின் வாய்தொடலுக்கு முந்தைய நாள் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொன்றை வந்தாள். மருதாயிக்கு ஒன்றுவிட்ட தங்கை. மூக்கொழுகிக்கொண்டே வந்தாள். யானைக்கு மூக்கொழுகுவது சின்ன விஷயமல்ல. எவ்வளவு தூரம் ஒழுக வேண்டியிருக்கிறது.

"என்னடி இது?" என்றாள் மருதாயி.

"வழியெல்லாம் புழுதிக்கா. வேற ஒண்ணுமில்ல." கொன்றை தும்மினாள். பக்கத்துப் புதரிலிருந்த மைனாக்கள் இடம் மாறின.

"அங்க எல்லாரும் சௌக்கியமா?"

"எல்லாருக்கும் கொஞ்சம் காய்ச்சல். தும்மல். சின்னவ கன்னுதான் போயிடுச்சு. உடம்பெல்லாம் கொதிச்சுது பாவம். இந்த வெயில்தான்."

பழியை வெயில்மீது போட்டுவிட்டு, இருவரும் ஒருவர் வாயில் ஒருவர் தும்பிக்கை வைத்து அழுதார்கள். பிறகு கூட்டம் முழுவதும் வந்து துக்கம் விசாரித்தது. யானைகள் துக்கம் விசாரித்தால் ஒரு வாயையும் விட்டுவைப்பதில்லை.

நாணல் மறைவில் பொடியனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த வாகை மட்டும் போகவில்லை. ஆனால் பேச்சு காதில் விழுந்தது. வெயில்தான் காரணம் என்றால் எல்லோரும் எதற்குத் தும்முகிறார்கள்? அவள் பொடியனைக் கூட்டிக்கொண்டு அத்திமரத்தடிக்குப் போனாள்.

அத்திமரத்தில் புள்ளிச்சி என்றொரு குயில் இருந்தாள். குயில் என்றதும் பாட்டை எதிர்பார்க்க வேண்டாம். பாடுகிறவன் ஆண்குயில். பெண்குயில் பாடுவதாகப் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். புள்ளிச்சிக்கு அதில் ஆட்சேபணையும் இல்லை, அதற்கேற்ற குரலும் இல்லை. ஆனால் படிப்பு இருந்தது. காட்டு விலங்கு வைத்தியர் ஒருவர் கூடாரம் போட்டிருந்த மரத்தில் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து கேட்ட படிப்பு.

வாகை சொன்னதையெல்லாம் புள்ளிச்சி கேட்டாள். "வெயிலுமில்ல, புழுதியுமில்ல. அது வைரஸ்," என்றாள்.

தீநுண்மி என்றும் அதைச் சொல்வார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்ப்பதில்லை.

"ஏதாவது பூச்சியா?" என்று கேட்டாள் வாகை.

"பூச்சிக்கு வாயிருக்கு, வயிறிருக்கு. இதுக்கு ஒண்ணும் கிடையாது. திங்காது, மூச்சு விடாது, தானா குட்டி போடாது. வெளியில கிடந்தா வெறும் தூசி மாதிரிக் கிடக்கும்."

"அப்புறம் எப்படி ஒரு கன்னையே சாகடிக்குது?"

புள்ளிச்சி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "என் கூட்டை நீ எப்பவாவது பார்த்திருக்கியா?"

"இல்லையே."

"இருந்தாத்தானே பார்ப்ப. காக்கா கூட்டுல முட்டையை வச்சுட்டு வந்துடுவேன். அவ தன்னுதுன்னு நினைச்சு அடைகாப்பா, ஊட்டுவா. கூடு அவளோடது, உழைப்பு அவளோடது, பிள்ளை மட்டும் என்னோடது. வைரஸுக்கும் இதே தொழில்தான். ஆனா என் அளவுக்கு மரியாதை தெரியாது."

"புரியலை."

"உன் உடம்பு பூராவும் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் கூடுகள் இருக்கு. செல்லுன்னு சொல்வாரு வைத்தியர். வைரஸ் அதுல ஒண்ணுக்குள்ள பூந்து, 'என்னை மாதிரியே நிறைய செய்'ன்னு ஒரு உத்தரவை வச்சுடும். செல்லு அதைத் தன் வீட்டு உத்தரவுன்னே நம்பிடும். சொந்த வேலையைப் போட்டுட்டு வைரஸா செஞ்சு தள்ளும். நிறைஞ்சதும் கூடு பாழாப் போகும். உள்ள இருந்ததெல்லாம் கிளம்பிப் பக்கத்துக் கூடுகளுக்குப் போகும்."

"உடம்பு சும்மாவா பார்த்துக்கிட்டிருக்கும்?"

"சண்டை போடும். காய்ச்சல் அதாலதான் வருது. ஏமாந்த காக்கா அடுத்த தடவை முட்டையை உத்துப் பார்க்கும் இல்லையா? அது மாதிரி உடம்பும் திருட்டு முகத்தைக் கத்துக்கும். பெரிய உடம்பு எப்படியோ தாக்குப்பிடிச்சுக் கத்துக்கும். உன் பொடியன் மாதிரி சின்ன உடம்பு..." புள்ளிச்சி அத்திப்பழம் ஒன்றைக் கொத்துவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பெரியம்மா நல்லாத்தானே இருக்காங்க. ஒரு தும்மல்கூட இல்ல."

"என் பிள்ளையை வளர்க்கற காக்காவும் நல்லாத்தான் இருப்பா. சந்தோஷமாக்கூட இருப்பா. உள்ள நடக்கிறது வெளிய தெரிய நாளாகும்."

"ஆனா அதுக்குக் காலும் இல்ல, றெக்கையும் இல்ல. ஒரு உடம்புலேர்ந்து இன்னொண்ணுக்கு எப்படிப் போகும்?"

"காலெதுக்கு? மூக்குல ஒழுகுறதைக் கொண்டுபோய் அடுத்தவ வாய்க்குள்ளயே வைக்கத்தான் நீங்க இவ்வளவு நீளத்துக்கு ஒண்ணு வளர்த்து வச்சிருக்கீங்களே."

வாகை தன் தும்பிக்கையைப் பார்த்தாள்.

"அடிப்பாவி" என்றொரு குரல் அவள் முதுகிலிருந்து வந்தது.

சாம்பி என்ற காக்கை அங்கே உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சு சுவாரஸ்யத்தில் இருவரும் அவளை மறந்துவிட்டார்கள். புள்ளிச்சி கிளை அசையாமல் காணாமல் போனாள். சாம்பி நேரே தன் கூட்டுக்குப் பறந்தாள். அங்கே ஒரு குஞ்சின் முகச்சாயல் அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே சரியாகப் படவில்லை. அது அவளைக் கண்டதும் மற்றவற்றைவிடப் பெரிதாக வாயைத் திறந்து கத்தியது. சாம்பி முறைத்தாள். பிறகு உண்ணியை அதன் வாயில் வைத்தாள்.

ஆனாலும் கோபத்தை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். மருதாயியிடம் போய் இறக்கி வைத்தாள். "உங்க தங்கச்சி மக சொல்றா, உங்க தும்பிக்கை விஷமாம்."

மறுநாள் காலை வாய்தொடலுக்குக் கூட்டம் கூடியது. மருதாயி தும்பிக்கையை உயர்த்திக்கொண்டு வந்தாள். வாகை கன்றுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"நகருடி."

"வேண்டாம் பெரியம்மா. கொஞ்ச நாள் போகட்டும்."

"நீ பொறந்தப்ப உன் வாயில முதல்ல தும்பிக்கை வச்சது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப அது விஷமா இல்லையோ?"

அத்திமரத்தடியில் அவ்வளவு தெளிவாக இருந்த பாடம் பெரியம்மாவின் முகத்துக்கு முன்னால் வாகையின் வாயில் உதிர்ந்துபோனது. "அங்க ஒரு கன்னு செத்திருக்கு. எனக்குப் பயமா இருக்கு பெரியம்மா," என்று மட்டும் சொன்னாள்.

"பயந்தவ கூட்டத்துக்குள்ள வருவா. கூட்டத்தைப் பார்த்தே பயப்படறவளை நான் என்ன செய்ய?" மருதாயியின் காதுகள் விரிந்து நின்றன. "நான் தொட வேண்டாம்னா என் நிழலும் வேண்டாம். போ."

வாகை போனாள். ஏரியின் ஒரு கை நிலத்துக்குள் நீண்டு கிடந்தது. அதைத் தாண்டி எதிர்க்கரை மணல்மேட்டில் கன்றோடு நின்றாள். எந்தத் தும்பிக்கையும் எட்டாத அகலத்துக்கு நடுவில் தண்ணீர் இருந்தது. பொடியன் அக்கரையில் விளையாடும் கன்றுகளைப் பார்த்துச் சிணுங்கினான். வாகை புல் மேயும்போதும் ஒரு காதைப் புலிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று அவள் நினைக்காத பொழுதில்லை.

பிறகு அக்கரையில் தும்மல் கேட்டது. முதலில் ஒன்று. அப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும் தும்மல். பெரிய யானைகள் சோர்ந்து மரங்களில் சாய்ந்தன. கொன்றை அப்போதும் வெயில்தான் என்றாள். நிழலில் நின்றுகொண்டு சொன்னதால் யாரும் தலையாட்டவில்லை.

இலந்தை என்பவளின் பெண் கன்றுக்குக் காய்ச்சல் முற்றியது. படு சுட்டி அது. தினமும் காலையில் அதன் வாயில் தும்பிக்கை வைத்துக் கொஞ்சாமல் மருதாயி தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். இப்போது அதன் நாக்கு நீலம் பாய்ந்து கிடந்தது. மருதாயி பக்கத்திலேயே நின்று அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே உடம்பு கொதித்தது.

கன்று பிழைத்துக்கொண்டது. எலும்பும் தோலுமாக எழுந்து நின்று தாயின் மடியைத் தேடியது. ஆனால் மருதாயியின் மனத்தில் ஒரு கேள்வி உட்கார்ந்துவிட்டது. அந்த வாய்க்குள் காலையில் முதலில் போன தும்பிக்கை யாருடையது? பதில் சொல்ல வேறொருவர் தேவைப்படவில்லை. அதன் பிறகுதான் அவள் படுத்தாள்.

தலைவி பகலில் படுத்ததை அந்தக் கூட்டம் அதற்குமுன் பார்த்ததில்லை. எதிர்க்கரையிலிருந்து வாகை பார்த்தாள். குயில் மறந்துபோனது. வைரஸ் மறந்துபோனது. தாயில்லாத தன்னைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி வளர்த்தவள் கீழே கிடக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. தும்பிக்கையை நீட்டியபடி தண்ணீரில் இறங்கினாள். பின்னாலேயே பொடியனும் தொப்பென்று இறங்கினான்.

"அங்கேயே நில்லுடி!"

குரல் தேய்ந்திருந்தாலும் தலைவியின் குரல். வாகை நின்றாள்.

"ஒரே ஒரு தடவை பெரியம்மா. உங்க வாயில..."

"என் வாயில என்ன இருக்குன்னு உனக்கு அன்னைக்கே தெரியும். எனக்கு இப்பத்தான் தெரியுது. கன்னைத் தள்ளிக்கிட்டுப் பின்னால போ."

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல பெரியம்மா."

"கோபப்படு. நல்லாக் கோபப்படு. ஆனா அங்க நின்னு கோபப்படு."

வாகை அழுதுகொண்டே பின்னால் நகர்ந்து மணல்மேட்டில் ஏறினாள்.

யானைகளுக்கு இன்னொரு குரல் இருக்கிறது. நம் காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்த குரல். அது மண்ணுக்குள்ளும் போகும். தூரத்தில் நிற்கும் யானை அதைப் பாதத்தால் கேட்கும். தண்ணீர் இருக்கிறது, ஆபத்து இருக்கிறது என்பதுபோன்ற அவசர சங்கதிகளுக்குத்தான் அதைச் செலவழிப்பார்கள். கன்றை வரவேற்க அதுவரை யாரும் செலவழித்ததில்லை.

மருதாயி படுத்தவாக்கில் அந்தக் குரலை எழுப்பினாள். அடுத்து இலந்தை. அப்புறம் கொன்றை, சித்திகள், அத்தைகள், அக்காக்கள், வாய்தொடலுக்கு நின்ற அதே வரிசையில்.

மணல்மேட்டில் பாதம் கூச, பொடியன் ஒரு காலைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தான். ஒன்றுமில்லை. காலை வைத்தான். மறுபடியும் கூசியது. அடுத்த காலைத் தூக்கினான். கடைசியில் நான்கு கால்களையும் மண்ணில் அழுத்தி வைத்துக்கொண்டு, காதுகளை விரித்து, ஆடாமல் அசையாமல் நின்றான்.

"கேட்டுடுச்சு பெரியம்மா," என்றாள் வாகை.

"அப்ப அவன் கூட்டத்துப் பிள்ளை," என்றாள் மருதாயி. "இனிமே புலி வந்தா எனக்குத்தான் முதல்ல பதில் சொல்லணும். நீ ரெண்டு காதையும் மடக்கிட்டு நிம்மதியா மேயி."

அவள் எழுந்து நிற்க நாளாயிற்று. தும்மல் எல்லாம் அடங்கி வெகுநாள் கழித்துத்தான் வாகையைத் தன் கரைக்கு அழைத்தாள். அதுவரை பொடியனுக்கு அவள் தினமும் மண்வழியாகவே காலை வணக்கம் சொன்னாள்.

நெருங்கி வந்து தொடுவது அன்பு என்றால், நேரம் அறிந்து விலகி நிற்பதும் அதே அன்புதான்.