நூறு எண்ணும் நேரம்

சிறுமலைக் காட்டில் கோடை வந்தால் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் இருக்கும். யார் முதலில் குடிப்பது என்று ஆண்டுதோறும் சண்டை. கொம்பு முறிந்தது, காது கிழிந்தது. கடைசியில் எல்லா விலங்குகளும் கூடி ஒரு முடிவுக்கு வந்தன.

"இனிமேல் குளக்கரையில் சண்டை வேண்டாம். போனில் கேம் ஆடுவோம். ஜெயிக்கிற அணி முதலில் குடிக்கட்டும்!"

அந்த கேமின் பெயர் தீவுப்போர். அதில் வாள், கேடயம், படகு என்று பல பொருள்களை ஆடி ஆடித்தான் சேர்க்க முடியும். தன்னிடம் இல்லாததை மற்றவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள, வேலாயி என்ற முள்ளம்பன்றி ஓர் ஆன்லைன் சந்தை நடத்தியது. ஆள்காட்டிக் குருவி அதற்குத் துணையாக இருந்தது.

சந்தையில் ஒரு விதி உண்டு. இருவரும் சம்மதம் சொன்ன பிறகு, இரண்டு பொருள்களும் நூறு எண்ணும் நேரம் திரையில் நிற்கும். அதற்குள் யாருக்காவது மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். அதன் பிறகே பொருள்கள் கைமாறும்.

அந்த ஆண்டு எல்லோருக்கும் அவசரம். மழை பொய்த்திருந்தது. குளம் பாதிக்குமேல் வற்றியிருந்தது. முதலில் குடிக்கும் இரண்டு அணிகளுக்குத்தான் நல்ல தண்ணீர், மற்றவர்களுக்குச் சேறுதான்.

"நூறு எண்ணுவதற்குள் உயிர் போகிறது!" என்று கரடி கத்தியது.

"அக்கரையில் புதிதாக ஒரு சந்தை வந்திருக்கிறது. தொட்டவுடன் பொருள் கைக்கு வருகிறதாம்!" என்றது குரங்கு.

நாளுக்கு நாள் வேலாயியின் சந்தையில் கூட்டம் குறைந்தது. இறுதிப் போட்டி நாள் காலையில் வேலாயி ஒரு முடிவு எடுத்தது.

"நூறு எண்ணுவதை எடுத்துவிடலாம். இனி ஒரே தொடுதல்தான்!"

ஆள்காட்டி பதறியது. "வேண்டாம் அக்கா! அந்த நேரத்தில்தான் பலர் பொருளைச் சரியாகப் பார்க்கிறார்கள்!"

"பார்க்கத் தெரிந்தவர்கள் முன்பே பார்ப்பார்கள். எல்லோரும் அக்கரைக்குப் போன பிறகு நீயும் நானும் சந்தையை வைத்து என்ன செய்வது?"

அரை நாழிகையில் சந்தை மாறியது. விலங்குகள் ஆரவாரம் செய்தன. ஒரு நாளில் நடக்கும் பரிமாற்றம் காலை முடிவதற்குள் நடந்து முடிந்தது. வேலாயியின் முட்கள் பெருமையில் சிலிர்த்து நின்றன.

செம்பி என்ற மலையணில் பொழுது சாயும் வேளையில்தான் சந்தைக்குள் வந்தது. அணில், முயல், எலி, கௌதாரி எல்லாம் சேர்ந்த சிறு பிராணிகள் அணிக்கு அதுதான் தலைவி. அந்த அணி இறுதிப் போட்டிக்கு வந்தது இதுவே முதல் தடவை. அதற்காக மூன்று மாதம் தூக்கத்தைக் குறைத்து ஆடிய செம்பியிடம் ஒரு நீலக் கேடயம் இருந்தது. காட்டில் வேறு யாரிடமும் அது இல்லை. ஆனால் இறுதிப் போட்டி நடக்கும் தீவுக்குப் போகப் படகு வேண்டும். படகு இல்லாத அணி உள்ளேயே நுழைய முடியாது.

"கேடயத்தைத் தருகிறேன். படகு தருவது யார்?" என்று செம்பி கேட்டது.

"நான் தருகிறேன் தங்கச்சி!" என்றது நெடுவால் என்ற மரநாய். அதன் அணியும் இறுதிப் போட்டிக்கு வந்திருந்தது.

திரையில் அழகான படகு தெரிந்தது. செம்பி நன்றாகப் பார்த்தது. பாய் இருந்தது, துடுப்பு இருந்தது. சரி என்று விரலை நீட்டியது. அந்த விரல் திரையில் படுவதற்கு ஒரு கணம் முன்பு நெடுவால் படகை மாற்றிவிட்டது! பார்வைக்கு அதே படகு. அடியில் மட்டும் கடுகளவு ஓட்டை.

தொட்டாயிற்று. கேடயம் போயிற்று.

செம்பி கேமில் படகைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தது. இறக்கியவுடன் படகு மூழ்கியது.

"ஏமாற்றிவிட்டாய்! என் கேடயத்தைத் திருப்பிக் கொடு!"

"நீதானே தொட்டாய்? நானா உன் விரலைப் பிடித்துத் தொட வைத்தேன்?" என்று நெடுவால் சிரித்தது.

செம்பி வேலாயியிடம் ஓடியது. அதற்கு முன்பே அங்கே கௌதாரி அழுதுகொண்டு நின்றது. அதன் பின்னால் ஒரு மிளா மான். அதன் பின்னால் இரண்டு முயல்கள். எல்லோருக்கும் அதே கதை. நெடுவாலைப் பார்த்து வேறு சிலரும் அதே வித்தையைப் பழகிவிட்டிருந்தார்கள்.

வேலாயி மேற்கே பார்த்தது. சூரியன் மலைமுகட்டைத் தொடும்போது போட்டி தொடங்கும். இன்னும் ஒன்றரை நாழிகைகூட இல்லை.

"செம்பிக்கு மட்டும் ரகசியமாக ஒரு படகைக் கொடுத்துவிடலாமா?" என்று அது முணுமுணுத்தது.

"மற்றவர்கள்?" என்று ஆள்காட்டி கேட்டது.

வேலாயி சந்தையை நிறுத்தியது. எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் இருண்டன. காடே கூச்சல் போட்டது.

வேலாயி பாறைமேல் ஏறி நின்றது. "கேளுங்கள்! நூறு எண்ணுவதை எடுத்தது என் தவறு. அதனால் பலர் ஏமாந்துவிட்டார்கள். இன்று காலையிலிருந்து நடந்த எல்லாப் பரிமாற்றங்களையும் ரத்து செய்கிறேன். அவரவர் பொருள் அவரவருக்கே திரும்பும்!"

"எல்லாவற்றையுமா?" கரடி எழுந்து நின்றது. "நான் நியாயமாக ஒரு கோடரி வாங்கினேன்! என்னையும் அந்தத் திருடர்களோடு சேர்க்கிறாயா?"

"உங்களுக்கு அநியாயம்தான் அண்ணே. ஒத்துக்கொள்கிறேன். எது நியாயம், எது மோசடி என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க இப்போது நேரமில்லை. கோடரி வேண்டுமானால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்."

"நாளையிலிருந்து நான் அக்கரைச் சந்தைக்குத்தான் போவேன்!"

"போங்கள் அண்ணே. ஆனால் இன்றைக்கு ரத்து ரத்துதான்."

கரடி காலால் மண்ணை வாரி வீசியது. வேலாயி அசையவில்லை. "இன்னொன்று! நூறு எண்ணும் நேரம் திரும்ப வருகிறது. அதற்குள் யாராவது பொருளை மாற்றினால் திரை சிவந்துவிடும்!" என்றது. கூச்சலில் அது பாதிப் பேருக்குக் காதில் விழவில்லை. கேடயம் போன ஆத்திரத்தில் கத்திக்கொண்டிருந்த நெடுவாலுக்கும் விழவில்லை.

சந்தை மறுபடி திறந்தது. செம்பியிடம் கேடயம் வந்துவிட்டது. படகு? அது இல்லை.

ஓடையப்பன் என்ற நீர்நாய் முன்னால் வந்தது. அதன் அணி முன்பே தோற்றிருந்தது. "என்னிடம் நல்ல படகு இருக்கிறது. கேடயத்தைக் கொடு, எடுத்துக்கொள்."

இருவரும் சம்மதம் சொன்னார்கள். எண்ணிக்கை தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று... சிறு பிராணிகள் எல்லாம் திரையைச் சுற்றி நின்றன. முப்பது. நாற்பது. சூரியன் முகட்டுக்கு நான்கு விரல் மேலே நின்றது.

செம்பிக்குப் படகு கிடைக்கக் கூடாது என்று அறுபதில் நெடுவால் ஓடிவந்தது. "ஓடையப்பா! அதை விடு! அந்தப் படகுக்கு நான் இரண்டு வெள்ளி ஈட்டி தருகிறேன்!"

"இரண்டா?" நீர்நாயின் மீசை துடித்தது.

"மாமா, வேண்டாம்!" என்று செம்பி கெஞ்சியது. "எங்களுக்கு நேரமில்லை!"

ஓடையப்பன் செம்பியைப் பார்த்தது. ஈட்டிகளைப் பார்த்தது. வெள்ளி பளபளத்தது. எழுபத்தொன்றில் அது விலகிக்கொண்டது!

விலகுவது விதிப்படி சரிதான். ஒரு முயல்குட்டி அழத் தொடங்கியது. செம்பி திரையையே பார்த்தது.

நெடுவாலுக்கும் ஓடையப்பனுக்கும் எண்ணிக்கை தொடங்கியது. நேரம் ஆக ஆகப் பார்க்கிற கண் களைத்துவிடும் என்று நெடுவாலுக்குத் தெரியும். எழுபது வரை பேசாமல் நின்றது. எண்பதில் ஓடையப்பன் வாலைச் சொறிந்துகொள்ளத் திரும்பியது. அந்த நொடியில் நெடுவால் வெள்ளி ஈட்டிகளை எடுத்துவிட்டு மூங்கில் ஈட்டிகளை வைத்தது.

திரை பளீரென்று சிவந்தது! ஆள்காட்டி வானத்தில் எழும்பிக் கத்தியது. "மாற்றிவிட்டான்! மாற்றிவிட்டான்!"

ஓடையப்பன் திரும்பிப் பார்த்தது. மூங்கில்! அதன் முகம் சுருங்கிப்போயிற்று. கோபம் பாதி, வெட்கம் பாதி. அது உடனே விலகிக்கொண்டது.

"செம்பி, இன்னும் உனக்கு அந்தப் படகு வேண்டுமா?"

"வேண்டும் மாமா! சீக்கிரம்!"

மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. சூரியனுக்கும் முகட்டுக்கும் இடையே இப்போது இரண்டு விரல்தான். ஐம்பதில் ஒரு விரல்.

"வேலாயி அக்கா, இந்த ஒரு தடவை மட்டும் சீக்கிரம் எண்ணுங்களேன்!" என்று கௌதாரி கதறியது.

வேலாயியின் கை பொத்தான்மேல் போனது. உடனே அது கையை இழுத்துக்கொண்டது. "முடியாது. உங்களுக்காக மாற்றினால் நாளை வேறு யாருக்காகவோ மாற்றுவேன்."

எண்பது. தொண்ணூறு. ஓடையப்பன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. தன் கையைத் தானே நம்பாததுபோல் இருந்தது. தொண்ணூற்றொன்பது. நூறு!

படகு செம்பியிடம் வந்தது. அது தீவை நோக்கிப் படகை விட்டபோது சூரியனின் விளிம்பு மலையைத் தொட்டது.

சிறு பிராணிகள் ஜெயிக்கவில்லை. மான் கூட்டம் ஜெயித்தது. ஆனால் செம்பியின் அணி இரண்டாவதாக வந்தது. நெடுவாலின் அணியோடு யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வரவில்லை. அது கடைசியாக வந்தது.

அடுத்த வாரம் கரடியும் இன்னும் பலரும் அக்கரைச் சந்தைக்குப் போய்விட்டார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். கரடி வரவே இல்லை. அது வேலாயிக்கு வருத்தம்தான்.

ஒருநாள் குளக்கரையில் செம்பி வேலாயியைப் பார்த்தது. "அக்கா, அன்றைக்கு நான் உங்களை மனசுக்குள் ரொம்பத் திட்டினேன்."

"திட்டியது சரிதான்," என்றது வேலாயி.

"நாளைக்குச் சந்தை உண்டா? கேமில் குளிர்காலத்துக்கு ஒரு கூடாரம் வேண்டும்."

"உண்டு. ஆனால் மெதுவாகத்தான் நடக்கும்."

"நடக்கட்டும்!" என்று சொல்லிவிட்டுச் செம்பி குனிந்து தண்ணீர் குடித்தது. தண்ணீர் இன்னும் கலங்காமல் இருந்தது.

பலர் நம்பி வந்து கொடுத்து வாங்கும் இடத்தை நடத்துகிறவர், வேகத்துக்காக அவர்களின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கக் கூடாது. தவறு செய்துவிட்டால் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டு, தனக்கு நஷ்டம் வந்தாலும் திருத்த வேண்டும்.