பேசும் பெட்டியும் கேளையாட்டுக் குட்டியும்

ஒரு மலைக்காட்டில், ஓடைக்கரை அத்திமரத்தடியில், உடும்பு வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்திவந்தார். முயல், முள்ளம்பன்றி, காட்டுக்கோழி எல்லாம் அங்கே படித்தன.

என்ன படித்தன? கணக்கா, பூகோளமா? அதெல்லாம் இல்லை. அந்தக் காட்டில் செந்நாய்க் கூட்டம் ஒன்று திரிந்தது. செந்நாய் வந்தால் ஒருவர் போடும் அபாயக் குரல் மற்றவருக்குப் புரிய வேண்டும். புரிந்தவுடனே ஓடையைத் தாண்டி, எதிரே இருக்கும் பாறை இடுக்கில் நுழைந்துவிட வேண்டும். புரியாவிட்டால் அவ்வளவுதான், ஆள் காலி! அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் என்றால் அதுதான் பாடம்.

ஒருநாள் அங்கே ஒரு புதுப்பிள்ளை வந்து சேர்ந்தாள். மாந்தளிர் என்று பெயர். கேளையாட்டுக் குட்டி, நாய்போலக் குரைக்கிற சின்ன மான் இனம். தூரத்து மலையில் தண்ணீர் வற்றிப்போனதால் தாயும் மகளும் இங்கே குடிவந்திருந்தார்கள். மாந்தளிருக்கு அவள் மலைப் பேச்சுதான் தெரியும். இந்தக் காட்டுப் பேச்சு ஒரு சொல்கூட வராது.

"உன் பேரென்னம்மா?" என்று வாத்தியார் கேட்டார். மாந்தளிர் பேந்தப் பேந்த விழித்தாள்.

"காது கேக்காதோ?" என்றது காட்டுக்கோழி.

"சும்மா இரு! அவளுக்கு நம்ம பேச்சு தெரியல, அவ்வளவுதான்!" என்றது முயல்.

முயல் மாந்தளிருக்கு முன்னால் போய் நின்றது. பின்னங்காலால் தரையைத் 'தொம் தொம் தொம்' என்று தட்டியது. கண்ணை உருட்டி, பல்லைக் காட்டி, செந்நாய் மாதிரி உறுமியது. பிறகு பாறை இடுக்கைப் பார்த்து ஓட்டம் பிடித்தது.

அட, மாந்தளிருக்குப் புரிந்துவிட்டது! அவளும் குளம்பால் தரையைத் தட்டினாள். தட்டிய வேகத்தில் வழுக்கி விழுந்தாள். இரண்டு பேரும் புல்லில் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

வாத்தியாருக்குத்தான் பொறுமை இல்லை. "இந்த ஒண்ணைச் சொல்லிக்கொடுக்கவே காலைப் பொழுது போச்சு! இப்படியே போனா நான் எப்போ பாடத்தை முடிக்கிறது?"

அந்த நேரம் பார்த்து டவுனிலிருந்து ஒரு காகம் பறந்து வந்தது. அதன் காலில் ஒரு சின்னப் பெட்டி.

"சார், இதைப் பாருங்க! செயற்கை நுண்ணறிவுப் பெட்டி! யார் எந்த மொழியில பேசினாலும் மாத்திச் சொல்லும். சோறு தண்ணி கேக்காது. வெயில் பட்டாப் போதும்! டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இதை வச்சுப் படிக்கிறதை நானே பாத்தேன்!"

பெட்டியை வெயிலில் வைத்தார்கள். மாந்தளிர் ஏதோ முணுமுணுத்தாள். உடனே பெட்டி அவளுடைய மலைப் பேச்சிலேயே, "வாம்மா, உன் பேரென்ன? சாப்பிட்டியா?" என்று கேட்டது.

மாந்தளிருக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவைத் தவிர வேறு யாரும் அந்தப் பேச்சில் அவளிடம் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. மனசில் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் அன்றைக்குப் பேசித் தீர்த்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, அது நல்ல பெட்டி. வாத்தியார் நடத்தியதை அவளுக்கு விளக்கிச் சொன்னது. அவளுடைய சந்தேகத்தை வாத்தியாரிடம் கேட்டது. பத்துத் தடவை கேட்டாலும் அலுத்துக்கொள்ளவில்லை. வாத்தியாருக்கே நல்ல புத்தியும் சொன்னது.

"சார், நான் பேச்சை மாத்தித் தருவேன். ஆனா பிள்ளைங்க ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கத்துக்கணும். தினமும் கொஞ்ச நேரம் என்னை நிறுத்தி வையுங்க."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்! நீ உன் வேலையைப் பாரு!" என்றார் வாத்தியார். முயலிடமும் கறாராகச் சொல்லிவிட்டார். "இனிமே காலைத் தட்டுறது, பல்லைக் காட்டுறது, ஒண்ணும் வேண்டாம். எல்லாம் பெட்டி சொல்லிக்கும்."

பெட்டி சொன்னது. எல்லாவற்றையும் பெட்டியே சொன்னது. விளையாட்டில்கூட, பக்கத்தில் நிற்கிற மாந்தளிரிடம் ஒருவரும் நேரே பேசவில்லை.

"பெட்டி, அவளைத் தள்ளி நிக்கச் சொல்லு!"

"பெட்டி, அத்திப்பழம் வேணுமான்னு அவகிட்ட கேளு!"

மாந்தளிரும் பெட்டியைப் பார்த்தே பதில் சொன்னாள். ஒரு சாயங்காலம் அம்மா அவளிடம், "கண்ணு, பள்ளிக்கூடத்துல உனக்கு யாரு சிநேகிதம்?" என்று கேட்டாள்.

மாந்தளிர் யோசித்தாள். "பெட்டி" என்றாள்.

அம்மா மகளின் நெற்றியை நக்கிக் கொடுத்தாள். அவளுக்கு மனசே சரியில்லை.

கோடை மழை இறங்கப் பார்த்த ஒருநாள். வானம் மூடிக்கொண்டது. வெயில் இல்லாததால் பெட்டி பேச்சை நிறுத்திவிட்டது. "மேகம் கலையட்டும், பாடம் நடத்தலாம்" என்று வாத்தியார் மரவேரில் சாய்ந்துகொண்டார்.

மாந்தளிர் மூங்கில் புதரோரம் மேய்ந்துகொண்டிருந்தாள். புதருக்குள் செம்பட்டையாக என்னவோ அசைந்தது. ஒரு வால்! அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து வால்!

"பொவ்! பொவ்! பொவ்!" என்று மாந்தளிர் குரைத்தாள். அதுதான் கேளையாட்டின் அபாயக் குரல். அவள் மலையில் அந்தச் சத்தம் கேட்டால் பூச்சிகூட நின்ற இடத்தில் நிற்காது.

இங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லாரும் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்கள்!

"பெட்டி, என்ன சொல்றா இவ?" என்றது முள்ளம்பன்றி. பெட்டியிடம் பேச்சு மூச்சு இல்லை.

"பசிக்குதோ என்னமோ!" என்றது காட்டுக்கோழி.

"கொஞ்சம் பொறும்மா! வெயில் வரட்டும், பெட்டிகிட்டயே கேட்டுக்கலாம். இப்போ கத்தாதே!" என்றார் வாத்தியார்.

மாந்தளிர் ஒரே தாவலில் ஓடையைத் தாண்டினாள். எதிரே பாறை இடுக்கு. உள்ளே போனால் அவள் உயிர் தப்பும். திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் அசையவில்லை. முயல் ஒன்றும் புரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எப்படிச் சொல்வது? பெட்டி எல்லாவற்றையும் அவள் பேச்சிலேயே சொல்லிவந்ததில், இந்தக் காட்டுப் பேச்சு ஒரு சொல்கூட அவள் நாக்கில் ஏறவில்லை. அப்போதுதான் முதல் நாள் ஞாபகம் வந்தது. முயலோடு புல்லில் உருண்டு சிரித்த ஞாபகம்.

அவள் மறுபடி ஓடையைத் தாண்டினாள்! செந்நாய்கள் பதுங்கியிருக்கிற கரைக்கே வந்தாள். முயலுக்கு முன்னால் போய் நின்றாள். 'தொம்! தொம்! தொம்!' என்று குளம்பால் தட்டினாள். கண்ணை உருட்டினாள். பல்லைக் காட்டினாள்.

"ஐயையோ! செந்நாய்!" என்று முயல் அலறியது. "சார், ஓடுங்க!"

அடித்துப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். மாந்தளிர், முயல், காட்டுக்கோழி, வாத்தியார் என்று வரிசையாகப் பாறை இடுக்கில் நுழைந்தார்கள். கடைசியாக வந்த முள்ளம்பன்றி முதுகு முள்ளை வாசல் பக்கம் விரித்துக்கொண்டு உட்கார்ந்தது.

"ச்சே! நூலிழையில தப்பிச்சிட்டாங்களே!" என்று உறுமிவிட்டுச் செந்நாய்கள் திரும்பிப் போயின.

வாத்தியார், "நீ தப்பிச்சிட்டியேம்மா! எங்களுக்காகவா திரும்பி வந்தே?" என்று தழுதழுத்தார். அவர் சொன்னது மாந்தளிருக்குப் புரியவில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மறுநாள் நல்ல வெயில். "வணக்கம் சார்! பாடம் ஆரம்பிக்கலாமா?" என்றது பெட்டி.

"ஆரம்பிக்கலாம். ஆனா முதல்ல நாங்களே பேசிப் பாக்குறோம். தடுமாறினா உன்னைக் கூப்பிடுறோம்" என்றார் வாத்தியார்.

"அதைத்தானே சார் நான் அன்னைக்கே சொன்னேன்!" என்றது பெட்டி.

அன்றைக்கு மாந்தளிர்தான் பாடம் நடத்தினாள். எல்லாரும் குரைத்துப் பழகினார்கள். முயல் குரைத்தால் கீச்சென்றது. வாத்தியார் குரைத்தது சளி பிடித்தவர் இருமுவதுபோல இருந்தது. மாந்தளிர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவள் இந்தக் காட்டுப் பேச்சைப் பேசிப் பார்த்தாள். இப்போது மற்றவர்கள் சிரிக்கிற முறை!

சாயங்காலம் அம்மா மறுபடி கேட்டாள். "இன்னைக்கு யாரு கண்ணு சிநேகிதம்?"

"முயல்! முள்ளம்பன்றி! காட்டுக்கோழி வாயாடி, ஆனா நல்லவ! அம்மா, எங்க வாத்தியார்கூட நம்மளை மாதிரியே குரைக்கிறார்!" என்று மாந்தளிர் அடுக்கிக்கொண்டே போனாள். பிறகு சட்டென்று ஞாபகம் வந்தவளாக, "பெட்டியும்தான் அம்மா!" என்றாள்.

ஆகவே, பேச்சை மாற்றிச் சொல்லக் கருவி இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாமல், அதன் துணையோடு ஒருவர் மொழியை ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும்.