குப்பண்ணனுக்கு ஒரு சால்வை

சங்ககிரிப் பக்கம் டயர் கம்பெனி செங்கோட்டுவேல் என்றால், லாரி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அறுபது வயது ஆள். அவர் கைகட்டி நிற்பது மலையடி மடத்து நாச்சியம்மாவிடம் மட்டும்தான். அம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. அதனாலென்ன, ஞானம் பிறந்த தேதி பார்த்தா வருகிறது?

அன்றைக்குப் பட்டுச் சால்வையோடு வந்தார்.

“நாளைக்குப் புது ஆலை திறக்கறமுங்கம்மா. குப்பண்ணனைக் கூப்பிடணும். அவன் மனசு இளகற மாதிரி என்னங்க சொல்லட்டும்?”

குப்பண்ணன் வேறு யாருமில்லை. தகரக் கொட்டகையில், தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டிக்கொடுத்து, அவரும் இவருமாகத்தான் தொழிலை ஆரம்பித்தார்கள். அப்புறம் சொந்தமாகவே டயர் செய்யத் துணிந்தார்கள். ரப்பரை அச்சில் வைத்து ஆவியில் வேகவிட வேண்டும். நம்ம செங்கோட்டுவேல் அவசரக்குடுக்கை; வேகும் முன்னே அச்சைத் திறந்துவிட்டார். மேலே பார்த்தால் அம்சமான டயர், உள்ளே பச்சை. லாரி கணவாய் ஏறும்போது வெடித்துத் தொலைத்தது. நல்லவேளை, உயிர்ச்சேதமில்லை.

லாரிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். “குப்பண்ணன்தான் திறந்தான்” என்று கையைக் காட்டிவிட்டார் மனுஷன்.

குப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான். கொட்டகை ஆலையானது, ஆலை இரண்டானது, இப்போது மூன்றாவது. பாவம், எந்தத் திறப்பு விழாவிலும் செங்கோட்டுவேலுக்குச் சோறு இறங்கியதில்லை. அவ்வளவு பிரியம் குப்பண்ணன்மேல்.

“நடந்ததைச் சொல்லிடுங்களேன்” என்றார் அம்மா.

“ஐயோ, பழைய புண்ணை எதுக்குங்கம்மா கிளறிக்கிட்டு? சால்வையைப் போத்திக் கையைப் புடிச்சாப் போதாதுங்களா?”

அம்மா உள்ளே போய் மடத்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“பஞ்சருங்கண்ணா. ஒட்டிக் குடுத்துட்டுப் போங்க.”

முதலாளிக்குக் குஷி வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார். டியூபை உருவி, ஓட்டையைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி உப்புத்தாளால் பரபரவென்று தேய்த்தார்.

“அச்சச்சோ! பாவம், ஏற்கெனவே ஓட்டை. அந்த எடத்தையே போட்டு இப்படிச் சொரண்டறீங்களே?”

செங்கோட்டுவேல் சிரித்தார். “என்னங்கம்மா நீங்க! வழவழன்னு இருந்தா எங்கீங்க ஒட்டும்? சொரண்டாம ஒட்டுனா ரெண்டே நாள்ல பிச்சுக்கிட்டு…”

கை நின்றது. சிரிப்பும் நின்றது.

சுரண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். கண் கலங்கிவிட்டது.

“அச்சைத் திறந்தது நான்தான்னு போய்ச் சொல்லிடறனுங்கம்மா. சொன்னா… குப்பண்ணன் மறுபடி எங்கூடச் சேருவானுங்களா?”

அம்மா அவர் தோளில் கை வைத்தார்.

“ஒட்டறதும் ஒட்டாததும் அவர் பாடுங்கண்ணா. சொரண்டறது உங்க பாடு.”